பலர் தாங்கிய அறம்: மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் நகரின் ஆரணிச் சாலையில் ஷெல் கண் மருத்துவமனை அமைந்துள்ளது. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களிலிருந்து முதியோரைக் கண் மருத்துவத்திற்கு அழைத்துச் சென்ற குடும்பங்கள் பல அதனை நன்கு அறியும். ஷெல் என்பது யாருடைய பெயர் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. நியூயார்க் நகரில் வாழ்ந்த வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு எழுப்பப்பட்ட மருத்துவமனை அது. 1902ஆம் ஆண்டு அதன் கதவுகள் திறந்தன. கொடுத்தவரும் அதனைப் பெற்று வந்தவரும் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அவ்வாயிலில் நோயாளிகள் இன்றும் காத்திருக்கின்றனர். உள்ளே மருத்துவம் நடைபெறுகிறது.

அறப்பணிக்கெனக் கட்டடங்கள் எழுவது அரிதன்று. எழுந்த கட்டடத்துள் நூறாண்டு கடந்தும் பணி நடைபெறுவதே அரிது. கொடையாளர் ஒருவரின் ஆர்வத்தால் தொடங்கிய மருந்தகங்களும் பள்ளிகளும், அவர் காலத்திற்குப் பின் பூட்டிக் கிடப்பதை ஊர்தோறும் காணலாம். வேலூரில் அவ்வாறு நேராமற் காத்தவர் மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் கைராசிக்காரர் என்றும் அன்பின் வடிவினர் என்றும் பலரும் அறிவர். ஓர் அறநிலையத்திற்கு நிலையான பொருள்வழியைத் தேடித் தந்தவர் என்ற வகையில் அவரை அறிந்தோர் குறைவு. அதற்காக அவர் செலவிட்ட உழைப்பும், இறுதியில் விட்டுக்கொடுத்த கனவும் அறிந்து போற்றத் தக்கவை.

மரபும் இளமையும்

ஐடா அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய மக்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆர்க்காடு மிஷன் என்னும் அமைப்பை நிறுவிப் பணியாற்றினர். அம்மக்களுள் ஒருவரும் மருத்துவருமாகிய இரண்டாம் ஜான் ஸ்கடரின் ஒரே மகளே ஐடா.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறு குழந்தை. பசியால் நலிந்த பிள்ளைகளுக்கு அவருடைய பெற்றோர் உணவளித்தனர். கையில் தந்ததை வாய்க்குக் கொண்டுபோகவும் வலுவற்றிருந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டும் பணி அக்குழந்தைக்கு வாய்த்தது. அக்காட்சி அவர் மனத்தில் இரக்கத்தைவிட அச்சத்தையே மிகுதியாக விதைத்தது எனலாம். பின்னர் அமெரிக்காவிற்குச் சென்று பயின்ற காலத்தில், துன்பம் நிறைந்த அந்நாட்டிற்குத் திரும்பிச் சென்று பணியாற்றுவதில்லை என்றே அவர் உறுதி பூண்டிருந்தார். பாட்டனார் வழியும் தந்தையார் வழியும் தமக்கு வேண்டாவென ஒதுக்கினார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890இல் தாயார் நோயுற்றார் என்னும் செய்தி கேட்டு, அவருக்குத் துணையாயிருக்கும் பொருட்டு ஐடா திண்டிவனம் வந்தார். தாயார் நலம் பெற்றதும் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். அங்கே ஒரே இரவில் நிகழ்ந்தது அவருடைய வாழ்வின் திசையை மாற்றிற்று.

அவ்விரவில் அந்தணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். இளம் மனைவி மகப்பேற்று வேதனையில் துடிப்பதாகவும், ஐடா உடனே வரவேண்டுமென்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையாரே மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்று ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதை வந்தவர் ஏற்கவில்லை. அவர் சென்ற சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார்; அவரும் அதே காரணத்தால் வெறுங்கையுடன் மீண்டார். மூன்றாவதாக இந்துக் குடும்பத்தவர் மற்றொருவர் வந்து அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது சாவுப் பறை ஒலித்தது. அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது.

மூவரும் மருந்தில்லாமல் இறந்தாரல்லர். மருத்துவர் அண்மையில் இருந்தும், அவர் பெண்ணாக இல்லாமையால் இறந்தனர். அன்று காலையே தாம் மருத்துவம் பயின்று இம்மண்ணின் பெண்களுக்குப் பணி செய்யப்போவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார். 1895இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடமளித்ததும் அதற்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

பதினாயிரம் டாலர்

பட்டம் பெற்றதும் கப்பலேறுவதற்கு முன் அவர்மீது வேறொரு கடமையும் சுமத்தப்பட்டது. வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுதற்குரிய பொருளை அமெரிக்காவிலேயே திரட்டி வரவேண்டும் என்பதே அது. இருபத்தெட்டு வயது நிரம்பிய இளம்பெண் அவர். பொருள் கேட்டுப் பழகியவரல்லர். புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. சிறு சிறு தொகைகளே சேர்ந்தன.

அந்நிலையில் செல்வாக்குமிக்க ஓர் அம்மையாரின் இல்லத்திற்குச் சென்று வேலூரின் தேவையை எடுத்துரைத்தார். திண்டிவனத்தில் நிகழ்ந்ததையும் மறைக்காமல் கூறினார். அவ்வீட்டில் அருகிருந்த அறையில் அமர்ந்து அவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவ்வம்மையாரின் உறவினரான வங்கியாளர் ஷெல். மறுநாள் அவர் ஐடாவை அழைத்து வினவி, மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரால் 10,000 டாலர் அளித்தார்.

புள்ளிவிவரங்களை அடுக்கிப் பெற்ற கொடையன்று அது. கண்ட துன்பத்தைக் கண்டவாறே கூறியதால் விளைந்தது. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மேடைகளில் அவர் கையாண்ட முறையும் இதுவே. எத்துணை உருக்கம், எத்துணைத் தொகை என்பவற்றைவிட, இன்ன குறை உளது, இன்னது செய்தால் அது தீரும் என்று தெளிவாகக் காட்டுவதே கொடையாளர் உள்ளத்தைத் திறக்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

கட்டடமும் அன்றாடச் செலவும்

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் அனுபவம் பெறலாம் என்றிருந்தவருக்கு அது வாய்க்கவில்லை. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். புதிய மருத்துவரை, அதுவும் ஓர் இளம்பெண்ணை, ஊரார் எளிதில் நம்பவில்லை. இல்லத்தின் ஒரு சிற்றறையே மருந்தகமாயிற்று. சலோமி என்னும் பெண்மணியைப் பழக்கித் துணையாக வைத்துக்கொண்டார். ஒருவர் இருவராக வந்த நோயாளிகள் நாளடைவில் வாயிலை நிறைத்தனர். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அதன்பின்னரே உண்மையான சுமை தொடங்கிற்று. நன்கொடைப் பணம் கல்லாகவும் மரமாகவும் மாறிவிட்டது. நாற்பது படுக்கைகளுக்கு நாள்தோறும் மருந்து வேண்டும்; கட்டுத்துணி வேண்டும்; பால் வேண்டும்; விளக்கெண்ணெய் வேண்டும்; பணியாளர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் வேண்டும். நோயாளிகள் பெருகப் பெருகப் புகழும் பெருகும்; செலவும் உடன் பெருகும். வணிகத்தில் வாடிக்கையாளர் மிகுந்தால் வருவாய் மிகும். அற மருத்துவமனையிலோ வறியவர் மிகுந்து வருவதே அதன் வெற்றி. அவ்வெற்றியே அதன் நெருக்கடியும் ஆகும்.

கட்டுவதற்குக் கொடுப்போர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நடத்துவதற்குக் கொடுப்போர்க்கு அஃதில்லை. ஆகவே முதல்வகைக் கொடை எளிதிலும் இரண்டாம் வகைக் கொடை அரிதிலும் கிடைக்கிறது. ஐடா அம்மையார் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் தேடியது இவ்விரண்டாம் வகைக் கொடையையே.

மரத்தடி மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாதோரைத் தேடிச் செல்லும் வழக்கமும் விரைவில் தோன்றிற்று. முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த சிறிய பெஜோ மோட்டார் வண்டியிலும் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் அம்மையார் பயணம் செய்தார். அம்மோட்டார் வண்டியின் ஓசை கேட்டுத் தொடக்கத்தில் சிற்றூர் மக்கள் அஞ்சி ஓடினர் என்பர். பின்னர் அதன் ஓசைக்காகவே காத்திருக்கலாயினர். குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். சொறி, சிரங்கு, கண்ணோய், ஆறாப் புண், தொழுநோய் எனப் பல்வகைப் பிணியாளரும் அங்கே கூடியிருப்பர்.

இப்பயணங்கள் அவர்க்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தின. ஒரு மருத்துவர் எத்துணை விரைந்து ஓடினாலும் ஒரு மாவட்டத்தைச் சுற்றிவர இயலாது. பொருள் திரட்டி மருந்து வாங்கிவிடலாம். அதனை அறிந்து கொடுக்கும் கைகளை வாங்க இயலாது. அக்கைகளை இம்மண்ணிலேயே உருவாக்க வேண்டும். செவிலியர் பயிற்சி 1909இல் தொடங்கியது. அடுத்து அவர் எண்ணியது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி

அந்நாளில் இவ்வெண்ணம் நகைப்பிற்குரியதாகவே பலர்க்குத் தோன்றிற்று. பெண்கள் படிக்க வருவரா, வந்தாலும் உடற்கூற்றியலைக் கற்றுத் தேறுவரா என்று ஐயுற்றனர். மாகாண மருத்துவத் துறையின் தலைமை அலுவலரே, விண்ணப்பங்கள் மூன்று வந்தால் வியப்பு என்னும் கருத்தினராய் இருந்தார். இசைவு மட்டும் கிடைத்தது. உலகப் போர் நடைபெற்ற காலம். பொருள் வரவும் கப்பல் வரவும் அருகியிருந்தன. எனினும் 1918 ஆகஸ்டு மாதத்தில், சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபு தொடங்கி வைக்க, வாடகைக் கட்டடங்களில் பள்ளி திறக்கப்பட்டது. எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

எல்.எம்.பி. என்னும் சான்றிதழ்ப் படிப்பு அங்கே கற்பிக்கப்பட்டது. முதலாண்டுத் தேர்வில் மாகாணம் எங்கும் ஆடவர் பலர் தோல்வியுற, வேலூர் மாணவியர் அனைவரும் தேறினர். ஐயுற்றோர் வாயடைத்தனர். 1922இல் முதல் அணியினராகப் பதினால்வர் மருத்துவராய் வெளியேறினர்.

இப்பள்ளியின் தொடக்கத்திலேயே ஒரு பொருளியல் அறிவு அமைந்திருந்தது. ஷெல் மருத்துவமனை ஒரே மிஷன் அமைப்பின் பொறுப்பில் இருந்தது. மருத்துவப் பள்ளியோ பல அமைப்புகளின் கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுதோறும் ஒரு தொகை தருவது, அல்லது ஓர் ஆசிரியரை அனுப்பி அவருடைய ஊதியத்தை ஏற்பது என்பது முறை. ஓரிடத்தில் வறட்சி நேர்ந்தாலும் மற்றோரிடத்து ஊற்று கைகொடுக்கும்.

அக்காலத்தில் அம்மையார்க்குத் துணைநின்றவர்களுள் கெர்ட்ரூட் டாட் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். நியூயார்க்கில் செல்வக்குடியிற் பிறந்த அவர் 1916இல் வேலூருக்கே வந்து தங்கினார். வரவுசெலவுக் கணக்கைத் தம் பொறுப்பில் ஏற்றார். வறிய மாணவியர் பலர்க்குத் தம் சொந்தப் பொருளிலிருந்து கல்விச் செலவை அளித்தார். கேட்டு வருபவர் ஒருவர், கணக்கு வைப்பவர் ஒருவர் என்னும் இப்பிரிவு வேலூர்ப் பணிக்கு அரணாயிற்று.

ஒரு டாலருக்கு இரண்டு டாலர்

1920களின் தொடக்கத்தில் ஆசியாவில் பெண்களுக்கென நடைபெற்றுவந்த ஏழு கல்லூரிகளுக்குக் கட்டடப் பொருள் திரட்டும் பெருமுயற்சி ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. வேலூர் மருத்துவப் பள்ளியும், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும், இலக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியும் அவ்வேழனுள் அடங்கும். ஏனையவை சீனத்திலும் சப்பானிலும் இருந்தவை. லூசி பீபாடி என்னும் அம்மையார் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். ஐடா அம்மையாரும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசினார்.

ராக்பெல்லர் குடும்பத்தாரின் அறநிதி ஒன்று பத்து இலக்கம் டாலர் தர முன்வந்தது. ஆனால் அதற்கொரு விதி இருந்தது. 1922ஆம் ஆண்டு முடிவதற்குள் பெண்கள் இருபது இலக்கம் டாலர் திரட்டிக் காட்டவேண்டும். திரட்டும் ஒவ்வோர் இரண்டு டாலருக்கும் அறநிதி ஒரு டாலர் சேர்க்கும். செல்வர் முழுத்தொகையையும் ஒரே கையெழுத்தில் தந்திருக்கலாமே என்று மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றும். ஆயின் அவ்விதியே பெரும் நன்மை விளைத்தது. வாங்குபவரை உழைக்கச் செய்தது. பல்லாயிரம் எளிய பெண்களைக் கொடையாளராக்கியது. ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்கும் இயக்கம் நடைபெற்றது. பெண்கள் சங்கங்களும் திருச்சபைகளும் கல்லூரி மாணவியரும் பங்கேற்றனர். இலக்கு எட்டப்பட்டது.

ஒருவர் தரும் ஆயிரம் டாலர் ஒருவருடைய நினைவில் நிற்கும். ஆயிரவர் தரும் ஒவ்வொரு டாலரும் ஆயிரம் இல்லங்களில் வேலூரின் பெயரை ஊன்றிவிடும். அவ்வில்லங்களிலிருந்து மறு ஆண்டும் கொடை வரும். சில இல்லங்களிலிருந்து மருத்துவரும் செவிலியரும் வருவர். இதன் பயனாக நகரின் நடுவே புதிய மருத்துவமனைக் கட்டடங்கள் எழுந்தன. நகர்ப்புறத்தே, பாகாயத்தில், மலைகள் சூழ்ந்த பரந்த நிலத்தில் கல்லூரி வளாகம் அமைந்தது. 1932இல் கல்லூரிக் கட்டடம் திறக்கப்பட்டது.

மூடுவதா, உயர்த்துவதா?

அதே ஆண்டுகளில் அமெரிக்காவைப் பெரும் பொருளியல் மந்தம் சூழ்ந்தது. திருச்சபைகளின் வருவாய் குறைய, வேலூருக்கு வந்த உதவியும் சுருங்கிற்று. அதனினும் பெரிய இடி 1938இல் விழுந்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தும் நோக்குடன், சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்தியது. இனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பே நடைபெற வேண்டும் என்பது ஆணை. நோக்கம் குறைகூறத் தக்கதன்று. ஆனால் அதற்கு மேற்பட்டம் பெற்ற பேராசிரியர் பலர் வேண்டும், படுக்கைகள் மிகுதல் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும்.

சென்னை ராயபுரத்திலிருந்த ஸ்டான்லி மருத்துவப் பள்ளி அவ்வாண்டிலேயே கல்லூரியாக உயர்ந்தது. அதன் பின்னே அரசின் கருவூலம் இருந்தது. வேலூருக்குப் பின்னே கருவூலம் ஏதுமில்லை. முதலாண்டு வகுப்பில் புதிய மாணவியரைச் சேர்க்க இயலாத நிலை ஏற்பட்டது. இருக்கும் மாணவியர் படித்து முடித்தவுடன் பள்ளி தானே மூடப்பட்டுவிடும். இருபது ஆண்டு உழைப்பு நான்கைந்து ஆண்டுகளில் கரைந்துபோகும்.

அப்போது அம்மையார் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு கொள்ளும் பொருட்டுக் கொடைக்கானலில் இல்லம் ஒன்றும் அமைத்திருந்தார். பணியை முடித்துக்கொண்டிருந்தால் பழிப்பார் எவருமிலர். ஆனால் அவர் 1941இல் மீண்டும் அமெரிக்கா சென்றார். உலகப் போர் மூண்டிருந்த காலம். நான்கு ஆண்டுகள் அங்கே தங்கி, நகர்தோறும் சென்று, வேலூருக்காக மறுபடியும் கையேந்தினார். அவ்விடைக்காலத்தில், 1944இல், கெர்ட்ரூட் டாட் அம்மையாரும் மறைந்தார்.

விட்டுக்கொடுத்துக் காத்தது

அந்நான்காண்டுகளில் அவர் எதிர்கொண்ட கடினமான வினா பணத்தைப் பற்றியதன்று. ஒரு நல்ல மருத்துவக் கல்லூரியை நடத்தும் வலிமை பெண்கள் அமைப்புகளிடம் மட்டும் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. இந்தியாவிலுள்ள திருச்சபைகளும் மிஷன்களும் அனைத்தும் ஒன்றுகூடி ஒரே மருத்துவக் கல்லூரியைத் தாங்குவது என்னும் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. வேலூர் அதற்கு இடமாகலாம். அவ்வாறாயின் ஆடவரும் அங்கே பயில இடமளிக்க வேண்டும்.

பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்னும் ஒரே காரணத்திற்காகத் தொடங்கப்பட்ட நிலையம் அது. பெண்களுக்கே உரியது என்று சொல்லித்தான் பல்லாயிரம் பெண்களிடம் பொருள் பெறப்பட்டது. ஆடவரைச் சேர்ப்பது அவர்க்களித்த வாக்கை மீறுவதாகும் என்று, 1920களில் அம்மையாரோடு தோள்கொடுத்து நின்ற அமெரிக்கப் பெண்டிருள் பலர் கருதினர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது. கொடுத்தவர் நோக்கத்தை மதிப்பது அறநிலையத்தாரின் முதற் கடமை. மறுபுறத்தில், நிலையமே மூடப்பட்டுவிட்டால் கொடுத்தவர் நோக்கம் எவ்வாறு நிறைவேறும்? பெண் மருத்துவர்கள் உருவாவதும் அன்றோ நின்றுபோகும்?

அம்மையார் எளிதில் முடிவெடுக்கவில்லை. அவருடைய உள்ளமும் பெண்களுக்கென்றே இயங்கும் கல்லூரியையே விரும்பிற்று. ஆயினும் இறுதியில் கூட்டுத் திட்டத்தை ஏற்றார். அதனால் நெடுநாளைய நண்பர் சிலருடைய மனக்கசப்பிற்கும் ஆளானார். அவர் ஒரு பெயர்ப்பலகையைக் காக்க முயலவில்லை. அதன் உட்பொருளைக் காக்க முயன்றார். தாம் தொடங்கிய நிலையம் தம் விருப்பத்தின் வடிவிலேயே இருக்க வேண்டும் என்று பற்றிக்கொண்டிருந்தால், அது அவரோடே முடிந்திருக்கும்.

1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இசைவுடன் பெண்களுக்கு எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கிற்று. தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன் தலைமைப் பொறுப்பேற்று வல்லுநர்களைத் திரட்டினார். 1945இல் அம்மையார் வேலூர் திரும்பினார். 1946இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு வேலூரில் தொடங்கியது. நாட்டின் முதன்மையான செவிலியர் பட்டப்படிப்புகளுள் அதுவும் ஒன்று. 1947இல் ஆடவர் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர். 1950இல் பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்புக் கிடைத்தது.

நிலைத்த பொருள்வழி

இதன்பின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தாங்கிய முறை கூர்ந்து நோக்கத் தக்கது. நாற்பது அளவிலான அமைப்புகள் அதன் பங்காளிகளாயின. சில அமைப்புகள் பணம் தந்தன. சில மருத்துவரையும் ஆசிரியரையும் அனுப்பி அவர்தம் ஊதியத்தை ஏற்றன. அயல்நாடுகளில் வேலூர் நண்பர்கள் என்னும் பெயரில் குழுக்கள் தோன்றின. புதிய கருவிகளுக்கும் புதிய துறைகளுக்கும் அவை உதவின. அன்றாடச் செலவை உள்ளூர் வருவாயே பெரும்பாலும் சுமக்கத் தொடங்கிற்று. இயன்றவர் கட்டணம் செலுத்துவர். அதில் மிஞ்சுவது இயலாதவரின் மருத்துவத்திற்கு ஆகும். பொருளுடையவரும் நாடிவரும் அளவிற்கு மருத்துவத்தின் தரம் உயர்ந்திருந்தால்தான் இம்முறை நிலைக்கும். ஆகவே தரத்தை உயர்த்துவதும் வறியவரைக் காப்பதும் அங்கே ஒன்றையொன்று தாங்கும் இரு தூண்களாயின.

மாணவர் சேர்க்கையிலும் இதே கருத்துப் பின்பற்றப்பட்டது. திருச்சபைகள் தம் மாணவரைப் பரிந்துரைத்து அனுப்பும். பயின்றவர் அவ்வமைப்பின் சிற்றூர் மருத்துவமனையில் குறித்த காலம் பணியாற்றுவர். இதனால் கொடையளித்த அமைப்பிற்கு மருத்துவர் கிடைத்தார். மருத்துவர்க்குக் கல்வி கிடைத்தது. சிற்றூர்க்கு மருத்துவம் கிடைத்தது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வட்டத்துள் அமைந்துவிடின் கொடை வற்றுவதில்லை.

குடியாத்தம் சாலையின் மரத்தடிகளில் தொடங்கிய பணியும் மறக்கப்படவில்லை. அது பின்னாளில் ஊரக நலப் பணியாகவும் சமுதாய மருத்துவத் துறையாகவும் விரிந்தது. 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீர்செய்யும் அறுவை முறையை அங்கே வளர்த்தார். மரத்தடியில் ஐடா அம்மையார் புண்ணுக்கு மருந்திட்ட அதே நோயாளிகளின் வழித்தோன்றல்களுக்கு, மீண்டும் உழைத்துண்ணும் கைகள் கிடைத்தன.

நிறைவு

ஓய்வுக்குப் பின் அம்மையார் கொடைக்கானலில் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். வாழ்நாள் முழுவதும் மணம் புரியாமல் இருந்தார். நூறாயிரக்கணக்கான டாலர்கள் அவர் கைவழியே சென்றன. அவை அனைத்தும் நோயாளிகளின் படுக்கைகளாகவும் மாணவியரின் வகுப்பறைகளாகவும் மாறின. இன்று இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட படுக்கைகளுடன் அம்மருத்துவமனை விளங்குகிறது. வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் காட்பாடிச் சந்திப்பில் வந்திறங்குவோர் கூட்டம் நாளும் குறையவில்லை.

அறநிலையம் நடத்துவோர் அனைவர்க்கும் அவருடைய வாழ்வு ஒரு பாடம். ஷெல் என்னும் ஒருவர் மனமுவந்து கொடுத்ததால் மருத்துவமனை பிறந்தது. பல்லாயிரம் பெண்கள் ஒவ்வொரு டாலராகக் கொடுத்ததால் அது வளர்ந்தது. நாற்பது அமைப்புகள் ஆண்டுதோறும் பங்கேற்றதாலும், நோயாளிகளுள் இயன்றவர் இயலாதவரைத் தாங்கியதாலும் அது நிலைத்தது. தொடங்கியவர் தம் பிடியைத் தளர்த்திப் பலர் கையில் ஒப்படைத்ததால்தான் இவை யாவும் கூடின. திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்த அந்த இரவில் கேட்ட வேண்டுகோளுக்கு ஐடா அம்மையார் அளித்த மறுமொழி தம் ஒருவருடைய மருத்துவத்தோடு முடியவில்லை. தாம் இல்லாத காலத்திலும் கதவைத் தட்டுவோர்க்குத் திறப்பதற்கு ஆள் இருக்குமாறு செய்து சென்றார். ஆரணிச் சாலையிலுள்ள அந்த மருத்துவமனையின் வாயில் இன்றும் திறந்திருப்பதே அதற்குச் சான்று.